பெயருண்டேல் பணமில்லை: புக்கிட் மெர்தாஜாம் பந்தயச் சொற்கள் குறித்து ஒரு முதனிலை ஆய்வு

பந்தயச் சொற்களை ஆராயப் புகுபவர் முதலில் அகராதியைத் திறப்பார். முதல் பிழை அங்கேயே நேர்ந்துவிடுகிறது. அகராதியில் சூது உண்டு, கவறு உண்டு, வல் உண்டு. பணயம், பந்தயம், ஆயம், தாயம், பகடை எல்லாம் வரிசையாக நிற்கின்றன. மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் (பி.எம்.) சந்தைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் காலை முழுக்கக் காது கொடுத்தாலும் இவற்றில் ஒன்றும் காதில் விழாது. அங்கே புழங்குபவை வேறு: பெட்டு, நம்பர், பெரிசு, சின்னது, பாக்ஸ், ரிசல்ட்டு, போச்சு. இந்த ஏழே சொற்களை வைத்துக்கொண்டு பி.எம். தமிழர் புலவர் கண்ணில் படாத ஓர் இலக்கண விதியைக் கடைப்பிடித்து வருகிறார்கள். அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நூற்பா இல்லாத விதியை நம்மவர் மதிப்பதில்லை ஆகையால், ஒன்றைச் செய்து கீழே தந்திருக்கிறோம்:

பெயருண் டாயின் பணமியங் காதே;
பணமியங் கிடினே பெயரதற் கிலதே.

என் நுதலிற்றோ எனின்: ஒரு செயலுக்குப் பந்தயம் என்று பொருள்படப் பெயரிட்டால் அதில் காசு கைமாறுவதில்லை, காசு கைமாறினால் அச்செயலைப் பந்தயம் என்று எவரும் அழைப்பதில்லை என்று உணர்த்துதல் நுதலிற்று. கடைசி ஏகாரம் தேற்றம். மற்றவை அசைநிலை, அல்லது யாப்பு குறைந்த இடத்தில் போட்டு நிரப்பியவை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உரைகாரர்கள் இதுவரை வெளியில் சொன்னதில்லை.

முதலடிக்குச் சான்று ‘பெட்டு’. “பெட்டு வைக்கிறியா?” என்ற கேள்வி வாதம் தொடங்கும் இடத்தில் வருவதே இல்லை, ஆதாரம் தீர்ந்துபோன இடத்தில்தான் வரும். அந்தப் பழைய ரப்பர்த் தோட்டம் ஜூரு பக்கம் இருந்ததா, மாச்சாங் பூபோக் பக்கம் இருந்ததா என்று அரைமணி நேரம் பேசி, இரு தரப்பிலும் சொல்ல ஒன்றும் மிஞ்சாதபோது பெட்டு பிறக்கிறது. ஆகவே இதைப் பெயர்ச்சொல்லாக வகுப்பது பிழை; ‘சரி, போதும்’ என்னும் பொருளில் வரும் இடைச்சொல் என்பதே முடிபு. வைக்கப்படும் பொருளைப் பார்த்தாலும் இது விளங்கும். பாதி மீசையை எடுத்துக்கிறேன், மொட்டை போட்டுக்கிறேன், காதை அறுத்துக்கிறேன், பேரை மாத்திக்கிறேன் என்கிறார்கள். இவற்றுள் எதுவும் எதிராளிக்குப் பயன்படாது. தோற்றவர் மீசையை வாங்கி வென்றவர் எங்கே ஒட்டிக்கொள்வார்? தவிர, பாதி மீசையும் ஒற்றைக் காதுமாக ஆல்மாவிலோ செரோக் தொக்குனிலோ எவரும் நடமாடவில்லை என்பது, பெட்டுகள் நிறைவேற்றப்படுவதில்லை என்பதற்குக் கண்கூடான சான்று. எல்லாரும் எப்போதும் வென்றுகொண்டே இருக்கிறார்கள் என்றும் கொள்ளலாம். தருக்க நூல் அதற்கு இடம் தருகிறது.

‘ஒரு தே தாரிக் பெட்டு’ என்கிறார்களே, தே தாரிக்குக் காசு உண்டே என மறுப்பார் உளர். காசு நகர்வது உண்மை. நகரும் நொடியில் பெயர் மாறிவிடுவதை அவர்கள் கவனிக்கவில்லை. “பெட்டுல தோத்துட்டேன், அதான் தே வாங்கித் தர்றேன்” என்று தோற்றவர் சொல்வதில்லை. “இன்னைக்கு நான் பெலாஞ்சா” என்கிறார். மலாயிலிருந்து செலவு என்ற பொருளோடு வந்த இச்சொல், பி.எம். வந்து சேர்ந்ததும் விருந்தோம்பல் ஆகிவிட்டது. இவ்விடத்தில் உரைகள் வேறுபடுகின்றன. பெலாஞ்சாவே பெட்டின் பயன் என்பது வாசல் மேசை உரை. அடுப்போர மேசை உரை இதை மறுக்கிறது: காசு கொடுப்பவர் எப்படியும் அன்று கொடுத்திருப்பார், ஏனெனில் மற்றவரிடம் என்றைக்கும் சில்லறை இருந்ததில்லை. கல்லாப்பெட்டி உரை இரண்டையும் தள்ளி, அந்தத் தே தாரிக் இன்னும் கணக்கிலேயே நிற்கிறது, ஆகவே காசு நகரவே இல்லை, ஆகவே நூற்பா திருத்தமின்றி நிற்கும் என்கிறது. நமக்கு இந்த மூன்றாம் உரையே உடன்பாடு. அதன் மூலச்சுவடி பழைய ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் உள்ளது. மைலோ சிந்தி இரண்டு வரி மறைந்திருக்கிறது. மறைந்த வரிகளும் நம் கட்சிக்கே சாதகமானவை என்று ஊகிக்க இடமிருக்கிறது.

மற்றச் சொற்களை விரைவாகக் கடக்கலாம். பணயம் இன்று செய்தித்தாளில் உயிரோடும் கைதியோடும் மட்டும் வாழ்கிறது. கவறு வினாத்தாளில் வாழ்கிறது. சூதுக்குத்தான் ஓர் இலக்கணச் சிறப்பு: அதற்குத் தன்மை இல்லை. ‘சூதாடினான்’, ‘சூதாடினார்கள்’, ‘சூதாட்டக் கும்பல் பிடிபட்டது’ எனப் படர்க்கையில் செழிக்கும் இவ்வினை, ‘நான் நேற்றுச் சூதாடினேன்’ என்று எவர் வாயிலும் வராது. முன்னிலை குடும்பச் சண்டையில் மட்டும் தோன்றும். வாரத்துக்கு ஒன்பது நம்பர் எடுக்கும் பிள்ளையைப் பற்றித்தான் அவன் அம்மா சூது வாது தெரியாதவன் என்கிறார். இலக்கணப்படி அவர் சொல்வதில் குற்றமில்லை.

சூது என்றதும் திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது ஆய்வு மரபு. நிறுத்துகிறோம். அந்த அதிகாரத்தில் ‘கழகம்’ என்பதற்குச் சூதாடும் இடம் என்று பொருள். பின்னாளில் அச்சொல் நல்ல இடங்களுக்குக் குடிபெயர்ந்தது. கட்சிகளுக்குப் பெயராயிற்று, பந்தாட்டக் குழுக்களுக்குப் பெயராயிற்று, குறளைப் பதிப்பித்த சைவ சித்தாந்த நூற்பதிப்பு நிறுவனத்துக்கே பெயராயிற்று. ‘பல்கலை’ என்ற அடைமொழியோடு பேராசிரியர்கள் சம்பளம் வாங்கும் இடத்துக்கும் பெயராயிற்று. இதில் பொருள் மாறியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்று பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும். இன்னொன்றும் குறிக்கத் தக்கது. சூதைக் கடியும் அந்தப் பத்துக் குறள்களின் எண்கள் 931 முதல் 940 வரை. முன்னால் ஒரு சுழியைச் சேர்த்தால் பத்தும் கடையில் எடுக்கக்கூடிய நம்பர்கள்.

இரண்டாம் அடிக்கு வருவோம். மலேசியச் சட்டம் பெயர் வைப்பதில் தாராளமானது. லாட்டரிக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம், பந்தயத்துக்கு 1953ஆம் ஆண்டுச் சட்டம், சூதாட்ட விடுதிகளுக்கு அதே 1953இல் வேறொரு சட்டம், அப்புறம் 1967ஆம் ஆண்டின் பூல் பெட்டிங் சட்டம். நாலு இலக்க நம்பர்க் குலுக்கல் நடத்தும் மெக்னம் 1968இலும் ஸ்போர்ட்ஸ் டோட்டோ 1969இலும் தொடங்கின. ஆக, நாலு நம்பர் என்பது சட்டப்படி ஐயத்துக்கு இடமில்லாத பெட்டிங். கடை வாசலில் நிற்கும் தமிழரை நிறுத்தி “பெட்டு வைக்க வந்தீங்களாண்ணே?” என்று கேட்டால் அவர் புண்பட்டுப் போவார். “இல்ல தம்பி, சும்மா ஒரு நம்பர் எடுக்க வந்தேன்.” மலாய்ப் பேச்சில் நம்பரை விளையாடுகிறார்கள், ஹொக்கியனில் வாங்குகிறார்கள், தமிழில் எடுக்கிறார்கள். பந்தயம் கட்டப்படும், பணயம் வைக்கப்படும், சூது ஆடப்படும். நம்பர் மட்டும் எடுக்கப்படும். லைசென்ஸ் எடுப்பது, எம்.சி. எடுப்பது, நம்பர் எடுப்பது என்று அது அலுவல் வேலைகளோடு சேர்ந்துவிட்டது. மாதத் தவணைச் சீட்டான கூட்டுக்கும் இதே வினைதான்: “இந்த மாசம் கூட்டு எடுத்தாச்சு.” இந்தக் கூட்டைத் தடை செய்ய 1971இல் ஒரு சட்டம் வந்தபோது, ஆங்கிலத் தலைப்பில் தமிழ்ச் சொல்லே ஏறிக்கொண்டது. மலாய்த் தலைப்பில் அது ‘குத்து’ ஆயிற்று. மலாயில் அதற்குப் பேன் என்றும் பொருள். தவணை கட்டாமல் ஓடிப்போனவரைத் தேடியலைந்தவர்களுக்கு இந்த இரண்டாம் பொருள் பொருத்தமாகவே படும்.

எடுத்ததும் என்ன நடக்கிறது என்பதை எண்ணால் சொல்லிவிடலாம். 0000 முதல் 9999 வரை 10,000 நம்பர். ஒவ்வொரு குலுக்கலிலும் பரிசு பெறுபவை 23. எடுப்பது பெரிசு, சின்னது என இரு வகை; பெரிசில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், போட்டால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, அடுத்த பத்துக்குத் தலா 180, ஆறுதல் பத்துக்குத் தலா 60. கூட்டினால் 6,400. அதாவது எல்லா நம்பரையும் ஒரு வெள்ளிக்கு எடுத்தவர் 10,000 கொடுத்து 6,400 வாங்குவார். வெள்ளிக்கு 64 சென். முதல் மூன்று பரிசுகள் மட்டுமே உள்ள சின்னதில் 65 சென். சின்னது எடுப்பவர் ஒரு சென் புத்திசாலி. இதில் ‘பெரிசு’ என்பது நம்பிக்கையின் அளவா பரிசின் அளவா என்றால் இரண்டும் இல்லை. பரிசுகளின் எண்ணிக்கைதான் பெரிது, முதல் பரிசு சின்னதில்தான் அதிகம், 3,500.

இந்த ஆட்டம் 1951இல் கெடாவில் ஒரு பள்ளி மாணவன் தன் சைக்கிளைப் பரிசாக வைத்து நடத்திய குலுக்கலில் தொடங்கியது என்று சொல்வார்கள். அதே கெடா 2023 ஜனவரி முதல் நம்பர்க் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்தியது. கூலிம் கெடாவில் இருக்கிறது. அதற்கு மேற்கே மாநில எல்லை, எல்லைக்கு இப்பால் பி.எம். கிளைமொழி ஆய்வாளர்கள் மலையும் ஆறும் வழக்காற்றைப் பிரிக்கும் என்பார்கள், உரிமமும் பிரிக்கும். நம்பர் எடுக்க இந்த எல்லையைக் கடக்க நேரும்போதும் கூலிம்காரரின் தொடர் “பி.எம். வரைக்கும் ஒரு வேலையாப் போயிட்டு வர்றேன்” என்றே அமையும். பணம் இயங்குகிறது, பெயர் இல்லை.

குதிரைப் பந்தயம் என்று ஒன்று இருக்கிறதே, பெயரிலேயே பந்தயம், நடப்பதெல்லாம் பணம் என்பது நம் நூற்பாவின் மேல் வீசப்படும் பெரிய கல். பினாங்குத் தீவில் குதிரைப் பந்தய மன்றம் 1864இலேயே தோன்றியது என்பதும் உண்மைதான். ஆனால் ‘குதிரைப் பந்தயம்’ என்பது செய்தித்தாளின் சொல். போகிறவர் “ரேஸுக்குப் போறேன்” என்கிறார். வீட்டில் இருப்பவர் “ரேஸுல விட்டுட்டாரு” என்கிறார். பந்தயம் என்று எழுதுபவர் போவதில்லை, போகிறவர் எழுதுவதில்லை. சென்னைக் கிண்டியின் குதிரைகள் தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் 1996இல், அது திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. பணம் பெருத்த அளவில் இயங்கும் இடத்தில் பெயர் தானே விலகிக்கொள்ளும் என்ற நம் விதிக்கு நீதியரசர்களே சாட்சி. தமிழ்நாட்டுத் தெருக் கிரிக்கெட்டின் ‘பெட் மேட்ச்’ இதைவிடத் தொல்லை தருவது. அங்கே பெட்டு என்ற பெயரும் உண்டு, இரு அணியும் காசும் போடுகின்றன. அக்காசு கடைசியில் பந்தாகவும் குளிர்பானமாகவும் மாறி எல்லாருக்கும் போய்ச் சேர்வதால் அது பணமன்று, சந்தா என்று கொள்க. இவ்விளக்கத்தில் நிறைவு பெறாதவர்களுக்கு: இது பி.எம். வழக்கைப் பற்றிய கட்டுரை.

இனி ‘போச்சு’. நம்பர் எடுத்தவர் ‘தோற்றேன்’ என்று சொல்வதில்லை; ‘போச்சு’ என்கிறார். போனது எது என்று எழுவாய் தேடினால் கிடைக்காது. வென்றாலும் இதே கதைதான்: “நம்பர் அடிச்சிருச்சு.” அடித்தது நம்பர், அவர் பட்டவர். மலாயின் ‘கெனா’வும் ஹொக்கியனின் ‘தியோ’வும் பட்டுவிட்டது என்றே சொல்கின்றன, அபராதமும் விபத்தும் முதல் பரிசும் மூன்று மொழியிலும் ஒரே மாதிரிதான் மனிதன்மேல் வந்து விழுகின்றன. தமிழில் வெயில் அடிக்கும், காய்ச்சல் அடிக்கும், நம்பரும் அடிக்கும். ஆக இந்தத் தொழிலில் தமிழர் எழுவாயாக நிற்பது எடுக்கும் ஒரு கணத்தில் மட்டும்.

போச்சு இரு வகைப்படும்: வெறும் போச்சு, கிட்டப் போச்சு. வெறும் போச்சை யாரும் பேசுவதில்லை. கிட்டப் போச்சுதான் பி.எம். காலைகளின் இலக்கியம். அதன் உட்பிரிவுகளைக் காண்க. ஒருவர் எடுத்தது 4381. வந்தது 4382 என்றால் “ஒரு நம்பர்ல போச்சு.” வந்தது 4981 என்றாலும் “ஒரு நம்பர்ல போச்சு”; இடைவெளி 600 என்பது கணிதம், ஓர் இலக்கம்தான் மாறியிருக்கிறது என்பது மெய்யியல். வந்தது 1834 என்றால் “திருப்பிப் போட்டிருந்தா அடிச்சிருக்கும்.” இலக்கங்கள் எந்த வரிசையில் வந்தாலும் அடிக்கும் பாக்ஸைப் போடாத பாவம் அது. வந்தது அச்சு அசலாக 4381, ஆனால் எடுத்தது மெக்னம், வந்தது டோட்டோ என்றால் “கடை மாறிப் போச்சு”; இதற்கு மட்டும் கடையே ஒரு நொடி அமைதி காக்கும். வாசல் மேசை உரை இவற்றோடு நிறுத்திக்கொள்கிறது. அடுப்போர உரை ‘போன வாரம் வந்திருந்தால்’, ‘நேற்று எடுக்க நினைத்து விட்டது’, ‘மச்சான் எடுக்க வேண்டாம் என்றது’ ஆகிய மூன்றையும் சேர்க்கிறது. கல்லாப்பெட்டி உரையின் மிகைநூற்பா ஒன்று, உணவுப் பொட்டலத்தின் பழுப்புத் தாளில், நெத்திலிச் சம்பலின் எண்ணெய் ஊடுருவி எழுத்தெல்லாம் இருபுறமும் தெரியும் நிலையில் கிடைத்திருக்கிறது; நேராகப் படித்தால் ‘எடுக்காத நம்பர் எல்லாம் எடுக்க இருந்த நம்பரே’ என்றும், பின்புறமிருந்து படித்தால் ‘பாக்கி’ என்றும் வருகிறது.

கிட்டப் போச்சுக்குக் கணிதச் சான்றும் உண்டு. நாலு இலக்கமும் வெவ்வேறாக உள்ள ஒரு நம்பரிலிருந்து ஓர் இலக்கம் மட்டும் மாறுபடும் நம்பர்கள் 36. அதே இலக்கங்களை இடம் மாற்றினால் வருபவை 23. ஆக ஒவ்வொரு நம்பருக்கும் 59 உறவினர். மெக்னம், டோட்டோ, டா மா சாய் மூன்றும் புதன், சனி, ஞாயிறுகளில் ஒரே மாலையில் குலுக்குகின்றன. மொத்தம் 69 பரிசு நம்பர்கள். ஒரே ஒரு நம்பர் எடுத்தவருக்கும் அன்று மாலை கிட்டப் போச்சு வாய்க்க ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடமுண்டு. அவர் எடுத்த கடையில் எந்தப் பரிசாவது விழும் வாய்ப்போ 10,000க்கு 23. அதாவது ஆட்டம் மிக அரிதாகப் பரிசு தருகிறது, மிகத் தாராளமாகக் கதை தருகிறது. ஒரு வெள்ளியில் திரும்பாத 36 சென்னுக்கு மறுநாள் காலை கிடைப்பது இந்தக் கதை.

கிட்டப் போச்சு நம்பர்க் கடையோடு நின்றுவிடவில்லை. ஓர் எழுத்தை மாற்று, இடத்தைத் திருப்பு, பொருந்தாவிட்டால் அடுத்த கடைக்குப் போ என்ற இதே முறைக்குச் சொற்பிறப்பியலில் ‘திரிபு’ என்று பெயர். ஆங்கிலப் ‘பெட்’ எங்கே பிறந்தது என்று ஆங்கில அகராதிகளே உறுதியாகச் சொல்வதில்லை. அப்படி ஓர் அநாதைச் சொல் கிடைத்தால் நம்மவர் விடுவார்களா? பழந்தமிழில் ‘பெட்பு’ என்றால் விருப்பம். விரும்பியதன் மேல் வைப்பது பெட்டு. ஆகவே ஆங்கிலேயர் இதை நம்மிடமிருந்துதான் எடுத்தார்கள் என்று ஒரு கட்டுரை வாசித்துவிடலாம். ஓர் எழுத்தில்தான் போச்சு! கோலாலம்பூரில் 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியதிலிருந்து இம்முறையில் எத்தனை சொற்கள் தாயகம் திரும்பியிருக்கும் என்பதைத் தனியே ஆராயலாம். நம்பர் எடுப்பவரை இதில் ஒரு படி மேலே வைக்க வேண்டும். அவர் தம் கொள்கைக்குச் சொந்தக் காசைப் போடுகிறார். கல்வெட்டுத் துறையிலும் உறவினர் உண்டு. புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் இருக்கும் செரோக் தொக்குன் பாறையில் பல்லவ எழுத்தில் பொறித்த வரிகளை 1845இல் ஜேம்ஸ் லோ கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். தேய்ந்த எழுத்தைப் பார்த்துப் பேரரசு ஒன்றை எழுப்பும் கண்ணும், மரப்பட்டையைச் சுரண்டிப் பார்த்து நாலு இலக்கம் காணும் கண்ணும் ஒரே கண்தான்.

இத்துறையின் தலைசிறந்த நூலைக் குறிப்பிடாமல் விட்டால் புலமைக்கு இழுக்கு. துவா பெக் கோங் பெயரால் வழங்கும் கனவுப் புத்தகம் அது, பி.எம். சந்தைப் பகுதியிலேயே அந்தச் சாமிக்குப் பழைய கோயிலும் உண்டு. பாம்பு, பல், செருப்பு, பிணம், பப்பாளி என ஆயிரம் படங்கள். ஒவ்வொன்றுக்கும் 000 முதல் 999 வரை ஓர் எண். பத்தாயிரமாக விரிந்த பதிப்பும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுக்கு வேறு சொற்களால் பொருள் சொன்னது. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் இன்னொரு சொல்லைக் காட்டி அனுப்பும் இம்முறையின் குறையைக் கனவுப் புத்தகம் நீக்கிவிட்டது. அதில் பொருள் என்பது எண், எண் என்பது சோதிக்கத் தக்கது. வாரத்துக்கு மூன்று மாலை பொய்யாக்கப்பட்டும் வாசகரை இழக்காத அகராதி அது ஒன்றே. மொழியியல் கோட்பாடுகளில் எதையாவது இப்படி வாரம் மூன்று முறை சோதித்துப் பார்க்கத் துணிபவர் முன்வரலாம்.

நூற்பாவின் இரண்டு அடிகளும் ஒரே தொடரில் மோதும் இடம் ஒன்று எஞ்சி நிற்கிறது: “இன்னைக்கு 4381 கண்டிப்பா அடிக்கும், பெட்டு!” இதில் பெயரும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. உற்று நோக்கின் இவை இரண்டு தொடர். நம்பருக்கான வெள்ளி முன்பே கடையில் போயாயிற்று, அதற்குப் பெயர் இல்லை. பெட்டுக்கு வைக்கப்பட்டது வழக்கம்போல் மீசை, அது நகரப்போவதில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் ரிசல்ட்டு வந்து நம்பர் போய்விட்டால் நூற்பா சேதமின்றித் தப்பும். சிக்கல், நம்பர் உண்மையிலேயே அடித்துவிட்டால்தான். அப்போது சொன்னவர் இரண்டிலும் வென்றவர்; மறுத்தவர் தோற்றவர்; தோற்றவர்தான் ஏதேனும் கொடுக்க வேண்டும். ஆனால் வழக்கு நேர்மாறு: வென்றவரே எல்லாருக்கும் பெலாஞ்சா செய்ய வேண்டும், மறுத்தவருக்கும் சேர்த்து, தே தாரிக்கோடு ரொட்டி சானாயும். இதில் மட்டும் மூன்று உரைகளும் ஒத்துப்போகின்றன. கல்லாப்பெட்டி உரை, பழைய பாக்கியையும் அன்றே கட்டிவிட வேண்டும் என்று ஒரு விதியைக் கூடுதலாகச் சொல்கிறது.